டிஸ்க் போடும் பிளேஸ்டேஷனுக்குப் பத்தாயிரம் கூடுதல்

2024 மே மாதத்துக்கென்று குறித்து வைத்திருந்தவற்றில் எனக்கு முதலிடம் ‘டியூன்: பார்ட் டூ’வின் 4கே டிஸ்க். அமெரிக்காவில் 14ஆம் தேதி வெளியானது. ஏப்ரல் 26இல் வந்த கொரிய விளையாட்டு ‘ஸ்டெல்லார் பிளேட்’ அந்த மாதம் முழுக்க ஓடும் என்று நினைத்திருந்தேன். 21ஆம் தேதி வந்த ‘ஹெல்பிளேட் 2’ அப்போது எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் மட்டும். அதிலும் டிஸ்க் இருக்கவில்லை, டவுன்லோடுதான். இசையில், 10ஆம் தேதி திரைக்கு வந்த ‘கிங்டம் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’ படத்துக்கு ஜான் பசானோ. ‘ஸ்பைடர்மேன் 2’ விளையாடியவர்களுக்கு அவர் ஏற்கெனவே அறிமுகம்.

விளையாட்டு, படம், இசை மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு முடிக்கலாமா? ஏப்ரல் 5இல் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம்மை இந்தக் கேள்வியோடுதான் டிவிக்கு அடியில் வைத்தேன். அப்போது டிஸ்க் டிரைவ் உள்ளது 54,990 ரூபாய், இல்லாதது 44,990. அந்தப் பத்தாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கணக்கு.

பழைய மாடலைத் தூக்கியவர்களுக்கு இதன் வித்தியாசம் உடனே தெரியும். கன அளவில் சுமார் 30 சதவீதம் சிறியது. 825 ஜிபி இருந்த இடத்தில் 1 டிபி. டிரைவ் இப்போது தனியே கழற்றி மாட்டும் பாகம். ஆனால் ஒரு விஷயம்: முதல் தடவை அந்த டிரைவைப் பெட்டியோடு இணைக்க இன்டர்நெட் வேண்டும். கடையில் வாங்கிய டிஸ்கைப் போடுவதற்குக்கூட சோனியின் சர்வரிடம் ஒரு முறை தலையைக் காட்டியாக வேண்டும். செங்குத்தாக நிற்க வைக்கும் ஸ்டாண்டும் இப்போது தனி விற்பனை.

விளையாட்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஸ்டெல்லார் பிளேட்’ டெமோவில் விட்ட இடத்திலிருந்தே முழு விளையாட்டும் தொடர்கிறது. அதன் இசையில் ‘நியர்’ விளையாட்டுகளுக்கு இசையமைத்த மோனாகா குழுவின் கையும் இருக்கிறது. சண்டைக்கு நடுவே ஒலிக்கும் பெண் குரலைக் கேட்டாலே சொல்லிவிடலாம்.

படத்துக்கு வருவோம். சோதிக்க ‘ஓப்பன்ஹைமர்’ 4கே டிஸ்கை எடுத்துக்கொண்டேன். டிஸ்க் ஓடும்போது ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, ஆடியோ ஃபார்மட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். அப்போதுதான் டிஸ்கில் உள்ள ஒலி அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். பலர் இதைத் தொடுவதே இல்லை. ஐமேக்ஸ் காட்சிகளில் படம் மேலும் கீழும் விரிந்து டிவி முழுவதையும் நிரப்புகிறது. சோதனை வெடிப்புக் காட்சியில் ஒளி முதலில் வர, சத்தம் வெகுநேரம் கழித்து வருகிறதே, அந்த மௌனத்தில் கருப்புக்குள் நெருப்புச் சுருள்கள் கட்டம் கட்டமாக உடையாமல் நிற்பதைப் பாருங்கள். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட் வேகம். 4கே டிஸ்கில் அது 100ஐயும் தாண்டலாம்.

‘ஓப்பன்ஹைமர்’ இந்தப் பெட்டிக்கு வசதியான பரீட்சை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த டிஸ்கில் படம் எச்டிஆர்10, ஒலி 5.1. படத்தில் பிளேஸ்டேஷன் 5க்குத் தெரிந்ததும் எச்டிஆர்10தான். ‘டியூன்’ அப்படியல்ல. முதல் பாகத்தின் 4கே டிஸ்கில் டால்பி விஷன் படம், அட்மாஸ் ஒலி இரண்டும் இருந்தன. இரண்டாம் பாகத்திலும் அப்படித்தான். அட்மாஸை இந்தப் பெட்டி அனுப்பிவிடும். டால்பி விஷன் வராது, எச்டிஆர்10 ஆகத்தான் தெரியும். டால்பி விஷன் டிவியைக் காசு கொட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் தனி 4கே பிளேயர் பக்கம் போவதே சரி. என் டிவியில் அந்த வசதி இல்லை, அதனால் எனக்கு நஷ்டமும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வரவழைப்பவர்கள் கவனிக்க: சாதாரண புளூரேயில் இந்தியா ‘சி’ மண்டலம், அமெரிக்கா ‘ஏ’. அந்த டிஸ்க் இங்கே வாங்கிய பெட்டியில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்குக்கு மண்டலக் கட்டுப்பாடு இல்லை. ‘ஓப்பன்ஹைமர்’ போன்ற செட்களில் கூடுதல் காட்சிகள் பெரும்பாலும் புளூரேயில்தான் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இத்தனை தொல்லைப்பட்டு டிஸ்க் எதற்கு? 2023 டிசம்பரில் சோனியே பதில் சொன்னது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் ஆண்டு முடிவோடு வாங்கியவர்களின் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. கூச்சல் கிளம்பிய பிறகு பின்வாங்கியது. அலமாரியில் இருக்கும் டிஸ்கை யாரும் அறிவிப்புப் போட்டு எடுத்துப் போக முடியாது.

இசையில்தான் பெட்டி கைவிரிக்கிறது. பிளேஸ்டேஷன் 5இல் ஆடியோ சிடி ஓடாது. 4இலும் ஓடவில்லை. 1994இல் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனிலேயே சிடி பாடியது. அதன் ஆரம்ப கால மாடல் ஒன்றை ஆடியோ பித்தர்கள் சிடி பிளேயருக்காகவே தேடி வாங்கினார்கள். இப்போது ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் ஆப்கள் உண்டு, விளையாடிக்கொண்டே கேட்கலாம். சந்தா கட்டினால் ‘டியூன்’ இசையமைப்பாளர் சிம்மரும் வருவார், ‘ஓப்பன்ஹைமர்’ இசையமைப்பாளர் யோரான்சனும் வருவார்.

இதில் வேடிக்கை ‘பால்டர்ஸ் கேட் 3’ டீலக்ஸ் பதிப்பு. லேரியன் நிறுவனம் பிளேஸ்டேஷன் 5க்கான இரண்டு விளையாட்டு டிஸ்குகளோடு, போரிஸ்லாவ் ஸ்லாவோவின் இசையை மூன்று சிடிகளில் வைத்துத் தந்தது. ஒரே அட்டைப் பெட்டிக்குள் வந்த ஐந்தில் இரண்டைத்தான் இந்த மெஷின் விழுங்கும்.

ஆண்டுக்கு நான்கைந்து படமாவது டிஸ்கில் வாங்குபவர், முடித்த விளையாட்டை விற்று அடுத்ததை வாங்குபவர், இவர்களுக்கு அந்தப் பத்தாயிரம் சீக்கிரமே திரும்பிவிடும். விளையாட்டைத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து டவுன்லோடு செய்கிறவருக்கு டிரைவ் இல்லாத மாடலே போதும். ஸ்லாவோவின் சிடிகளுக்கு, பரணில் கிடக்கும் பழைய டிவிடி பிளேயரை இறக்கித் தூசு தட்டுங்கள்.