வார இறுதிக் காரும் ஃபாஸ்டேக்கும்: சேலம் – நாமக்கல் சாலைகளில் ஒரு மதிப்பீடு

ஃபாஸ்டேக் என்பது காரின் முன்கண்ணாடியில் உட்பக்கமாக ஒட்டப்படும் சிறு வில்லை. அதற்கு பேட்டரி இல்லை. எரியும் விளக்கோ அழுத்தும் பொத்தானோ இல்லை. உள்ளே ஒரு சில்லும் மெல்லிய உலோக ஆன்டெனாவும் மட்டுமே இருக்கின்றன. சுங்கச்சாவடியின் கூரையில் பொருத்திய கருவி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலை தரும் ஆற்றலிலேயே சில்லு இயங்கி, தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அந்த எண் எந்த வங்கியின் எந்தக் கணக்குக்கு உரியது என்று என்.பி.சி.ஐ. நடத்தும் பொது அமைப்பு கண்டுபிடித்துத் தர, தடுப்புக் கட்டை எழுகிறது. பணம் வில்லையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் டோல்கேட்டில் நடக்கும் குழப்பங்களில் பாதி புரிந்துவிடும்.

2014-ல் அகமதாபாத் – மும்பை சாலையில் சோதனையாகத் தொடங்கிய திட்டம் இது. 2017 டிசம்பர் 1 முதல் விற்பனையாகும் புதிய கார்கள் வில்லையுடனேயே வருகின்றன. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் எல்லா நான்கு சக்கர வாகனங்களுக்கும் கட்டாயமானது. வில்லை இல்லாத வண்டிக்கு இரட்டைக் கட்டணம் என்ற விதி, 2025 நவம்பர் 15 முதல் சற்றே தளர்ந்தது: ரொக்கமாகக் கொடுத்தால் இரு மடங்கு, யு.பி.ஐ. வழியாகக் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு.

ஒட்டும் வேலை எளிது. ஆனால் இடம் முக்கியம். பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் மேல் நடுவில் ஒட்டினால் வண்டியை நிறுத்தாமலே, மெல்ல உருளும்போதே கருவி படித்துவிடுகிறது. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடியில் அலை சிரமப்பட்டே நுழையும். அப்படிப்பட்ட கார்களில் பூச்சு இல்லாமல் விட்ட பகுதியைத் தேடி ஒட்ட வேண்டும். ஒரு முறை பிய்த்தால் வில்லை கிழிந்து செத்துவிடும்படியே செய்திருக்கிறார்கள். ஒரு காரின் வில்லையை மைத்துனர் காரில் மாட்டிக்கொண்டு போகும் பழக்கத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படியும் சிலர் ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு, சாவடி வந்ததும் கண்ணாடியில் தூக்கிக் காட்டுவார்கள். 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இப்படிப்பட்ட கைவில்லைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டது.

வாசிப்புத் திறனில் குறை சொல்ல அதிகம் இல்லை. சிக்கல் பெரும்பாலும் முன்னால் நிற்கும் வண்டியிலிருந்து வருகிறது. சேலம் – நாமக்கல் வட்டாரம் லாரிகளின் ஊர். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள்; சமையல் எரிவாயு டேங்கர்களின் தலைநகரும் அதுதான். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் நாடெங்கும் போகின்றன. சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரி பற்றிய பேச்சு உண்டு. சனிக்கிழமை காலை, குளிர்பானமும் புளிச்சோறும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பக் கார் இவற்றோடுதான் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்கும் லாரியின் கணக்கில் பணம் இல்லையென்றால், ஓட்டுநர் முதலாளிக்குப் போன் போட்டு, முதலாளி ரீசார்ஜ் செய்து, கட்டை எழும்வரை பின்னால் உள்ள எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். பின்னுக்கு எடுக்கவும் வழியில்லை. லாரிக்கு மிக நெருக்கமாக ஒட்டி நின்றால் இன்னொரு தொல்லை: எந்த வண்டியின் வில்லை எது என்று கருவி தடுமாறும். ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு நிற்பது நல்லது. அந்த இடைவெளியில் வேறொரு கார் நுழைந்துவிடும் என்பதும் உண்மையே.

வில்லை எவ்வளவு பயன்படும் என்பது எந்தத் திசையில் கிளம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. சேலத்தைச் சுற்றிய சாவடிகள் ஒரு வளையம் போல் அமைந்திருக்கின்றன. வடக்கே பெங்களூரு போகும் வழியில் ஓமலூர். அதைத் தாண்டி, தொப்பூர் கணவாய் ஏறியபின் தருமபுரிக்கு முன்பாக பாளையம். மேற்கே கோவை சாலையில் சங்ககிரிக்கு அருகே வைகுந்தம், பிறகு பெருந்துறை தாண்டி விஜயமங்கலம், அவிநாசிக்கு அப்பால் கணியூர். கிழக்கே ஆத்தூர் சாலையில் மேட்டுப்பட்டி, நத்தக்கரை. தெற்கே நாமக்கல் தாண்டி, கரூர் போகும் வழியில் ராசம்பாளையம்.

இந்த வளையத்துக்கு உள்ளேயே இரண்டு நாளைக்கான ஊர்கள் கிடக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போக டோல்கேட் இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல் வரை தேசிய நெடுஞ்சாலை 44-ல் போய், ஒரே கல்லில் வடித்த பதினெட்டு அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் சேர்ந்து, எழுபது வளைவுகளில் கொல்லிமலை ஏறினாலும் வில்லைக்கு வேலை வராது. மலையில் ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. அங்கே எடுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் ஃபாஸ்டேக்குக்கும் சம்பந்தமில்லை. ஆகவே உள்ளூர்ச் சுற்றுலாவோடு நிறுத்திக்கொள்ளும் சேலத்துக்காரருக்கு இது ஆர்.சி. புத்தகத்தைப் போல வைத்திருக்க வேண்டிய ஒன்று, அவ்வளவே.

வளையத்தைத் தாண்டும்போது முதலில் வருவது பேலன்ஸ் பிரச்சினை. பல மாதம் தூங்கிய கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. கார்களுக்குக் குறைந்தபட்ச இருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2021 பிப்ரவரியில் நெடுஞ்சாலை ஆணையம் நீக்கியது. கணக்கு மைனஸில் இல்லாதவரை, கட்டணத்துக்குப் பணம் போதாவிட்டாலும் காரை விட்டுவிட்டு, குறைகிற தொகையை வங்கியிடம் உள்ள வைப்புத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகை ஒரு சாவடிக்குத்தான் உதவும். ஒகேனக்கல் கிளம்பிய கார் ஓமலூரில் சிக்கலின்றி நுழைந்துவிட்டு பாளையத்தில் மாட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம். முதல் சாவடி எழுந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஓட்டுபவர் நம்பிவிடுகிறார். வரிசையில் நின்றபடியே ரீசார்ஜ் செய்யலாமா என்றால், தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் செய்யலாம். அங்கே வில்லையின் நிலை உடனுக்குடன் தெரியும்படி மென்பொருளை மாற்றிவிட்டார்கள். மாநில நெடுஞ்சாலைகளில் சில இடங்கள் இன்னும் பழைய முறையில் உள்ளன. அங்கே பட்டியல் புதுப்பிக்கப்படும்வரை பொறுக்க வேண்டும். பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி வழங்கிய பழைய வில்லை வைத்திருப்பவர்கள் ரீசார்ஜ் முயற்சியே செய்ய வேண்டாம்: ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2024 மார்ச் 15-க்குப் பிறகு அவற்றில் பணம் போட முடியாது. வேறு வங்கியில் புதிது வாங்கியாக வேண்டும்.

அடுத்தது, அதிகம் பேர் கவனிக்காத 24 மணி நேரக் கணக்கு. 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி, ஒரு சாவடியைக் கடந்து 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போகவர மொத்தம் ஒன்றரை மடங்குதான் கட்டணம். ரொக்கக் காலத்தில் இதற்கு ‘ரிட்டன்’ சீட்டு கேட்டு வாங்க வேண்டும். கேட்க மறந்தால் போச்சு. ஃபாஸ்டேக் கேட்காமலே திரும்பும் பயணத்துக்குப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கருவி செய்யும் வேலைகளில் மிக நேர்த்தியானது இதுதான்.

ஆனால் வார இறுதிப் பயணத்தின் இயல்பே இந்தச் சலுகைக்கு எதிரானது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வைகுந்தத்தைத் தாண்டி ஊட்டிக்குப் போய், ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் திரும்பி வருபவருக்கு இடைவெளி 37 மணி நேரம். முழுக் கட்டணம். ஒரே நாளில் பழநி போய் வருபவருக்குச் சலுகை உண்டு, ஓர் இரவு தங்குபவருக்கு இல்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி, மறுநாள் இரண்டு மணிக்குள் அதே சாவடியைத் திரும்பக் கடப்பவர் ஓர் இரவு தங்கியும் தப்பித்துவிடுகிறார். கடிகாரம் ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனியாக ஓடுவதால், கணியூரில் சலுகை கிடைத்து வைகுந்தத்தில் கிடைக்காமல் போகிற விசித்திரமும் உண்டு. முதலில் கடந்த சாவடியைத்தானே கடைசியாகத் திரும்பக் கடக்கிறோம். குறுஞ்செய்தியில் வரும் தொகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதிப்பவர்கள், கடந்த நேரங்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வார இறுதிக்காரர்களுக்கு இதற்கான பதில் 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த ஆண்டு பாஸ். அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். ஓர் ஆண்டு அல்லது 200 கடப்புகள், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். சொந்தப் பயன்பாட்டுக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். இருக்கிற வில்லையிலேயே ராஜ்மார்க் யாத்ரா செயலி வழியாக ஏற்றிக்கொள்ளலாம். வில்லை வண்டியின் பதிவு எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். சேஸிஸ் எண்ணை மட்டும் கொடுத்து வாங்கிய புதுக்காரின் வில்லையில் ஏறாது. தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச்சாலைகளிலும் மட்டுமே செல்லுபடியாகும். மாநில நெடுஞ்சாலைச் சாவடியில் வழக்கம்போல் பணம் பிடிக்கப்படும்.

அந்த விலையில் கணக்கு போட்டால், 200 கடப்பையும் பயன்படுத்துபவருக்கு ஒரு சாவடி 15 ரூபாய். ஒரு சாவடிக்குச் சராசரியாக 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 38-வது கடப்பில் போட்ட பணம் திரும்பிவிடும். சேலம் – கோவை போகவர ஆறு கடப்புகள். ஏழாவது பயணத்தில் லாபம் தொடங்குகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க மாதம் ஒருமுறை கோவை போகும் தாத்தா பாட்டிக்குத் தாராளமாக உகந்தது. வாராவாரம் போகிறவருக்கு 33 வாரத்தில் 200 தீர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும், அப்போதும் நஷ்டமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை சபரிமலை, ஒரு முறை திருப்பதி என்று இருப்பவர் வாங்கத் தேவையில்லை. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவருக்கு அந்த ஒரு சாவடிக்கு மட்டுமான மாதப் பாஸ் தனியாக உண்டு. சங்ககிரி, பரமத்தி பக்கத்துக்காரர்கள் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். 24 மணி நேரக் கவலையும் பேலன்ஸ் கவலையும் ஒரே அடியில் தீர்வதால், ஓர் இரவு தங்கிவரும் பழக்கம் உள்ளவருக்கு ஆண்டு பாஸே சிறந்தது. ஒரு குறை: தானாகப் புதுப்பிக்கப்படாது. தீர்ந்தபின் வில்லை சத்தமில்லாமல் சாதாரணக் கணக்குக்குத் திரும்பிவிடும். அதில் பணம் இல்லையென்றால் பழைய கதைதான்.

பாஸும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம் என்பவர்களுக்கு உள்சாலைகள் இருக்கின்றன. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போய், வாங்கல் பாலத்தில் காவிரியைத் தாண்டினால் ராசம்பாளையத்தைத் தொடாமல் கரூர் சேரலாம். ஒகேனக்கலுக்கு மேச்சேரி, பெரும்பாலை, பென்னாகரம் வழியாகப் போனால் பாளையம் இல்லை. மிச்சமாகும் பணத்தை வேகத்தடைகளும் கரும்பு டிராக்டர்களும் நேரமாக வாங்கிக்கொள்ளும். ஆனாலும் மோகனூர்ப் பாதையில் அகன்ற காவிரியின் மேல் மெதுவாகப் போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம். நெடுஞ்சாலையில் ஆறு கண்ணில் பட்டு மறைந்துவிடுகிறது. இரு சக்கர வாகனங்களுக்குக் கட்டணமே இல்லை என்பதால் பைக்கில் கிளம்பும் இளைஞர்கள் சாவடியின் இடது ஓரச் சந்தில் புகுந்து போய்விடுகிறார்கள்.

வில்லை நன்றாக இருந்து, கணக்கில் பணமும் இருந்து, சாவடியின் கருவி படிக்காமல் போனால் என்ன செய்வது? 2018 மே மாத அரசாணைப்படி அந்த வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும். பூஜ்ய ரூபாய் ரசீதும் தர வேண்டும். ஊழியர்கள் கைக்கருவியால் ஒருமுறை முயன்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். முடியாதபோது, செயலியில் வில்லை ‘ஆக்டிவ்’ என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் வாக்குவாதம் குறையும். கார் வீட்டு வாசலில் நிற்க, எங்கோ ஒரு சாவடியில் பணம் பிடித்ததாகச் செய்தி வந்தால் 1033 என்ற எண்ணிலோ வில்லை கொடுத்த வங்கியிலோ புகார் செய்யலாம். சாவடியில் எண்ணைக் கையால் தட்டும்போது ஏற்படும் பிழையே இதற்கு முக்கியக் காரணம். தவறாகப் பிடித்தது உறுதியானால் பணம் திரும்பும். சாவடி நடத்துபவருக்குச் சம்பவத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

முன்கண்ணாடி உடைந்து மாற்றினால் வில்லையும் அதோடு போய்விடும்; அதே கணக்கில் மாற்று வில்லை கேட்டு வாங்க வேண்டும். காரை விற்கும்போதும் கணக்கை மூடச் சொல்லி வங்கிக்கு எழுதிவிட வேண்டும். மூடாமல் விட்டால் புதிய உரிமையாளர் குடும்பத்தோடு கன்னியாகுமரி போய்வரும் செலவு பழைய உரிமையாளரின் போனில் சாவடி சாவடியாக வந்து விழும்.