நாம் ஜூன் பைக்: பழைய பெட்டிகளின் கலை

நாம் ஜூன் பைக் (1932–2006) சியோலில் பிறந்து, ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பயின்று, அமெரிக்காவில் வாழ்ந்த கலைஞர். காணொளிக் கலையின் முன்னோடி என்று அறியப்படுபவர். கழித்துப்போட்ட வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒன்றுகூட்டி உருவங்கள் செய்யும் 'அசெம்பிளேஜ்' கலையிலும் அவருக்கு முக்கிய இடம் உண்டு. அவருக்குப் புகழ் தந்தவை பிரம்மாண்டமான படைப்புகள். ஆனால் அவருடைய கலையின் வலிமை சிறிய படைப்புகளில்தான் இருக்கிறது.

பழுதே படைப்பு

1963இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பைக் ஒரு கண்காட்சி நடத்தினார். அதற்காகக் கொண்டுவந்த பழைய தொலைக்காட்சிகளில் ஒன்று வழியில் பழுதடைந்து, திரையில் ஒரு கிடைக்கோடு மட்டுமே தெரிந்தது. அவர் அதைச் சரிசெய்யாமல் பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். கோடு செங்குத்தாயிற்று. 'ஸென் ஃபார் டிவி' இவ்வாறு உருவானது. காயலான் கடைக்குப் போகவேண்டிய பெட்டி, பார்ப்பவரை அமைதியாக நிற்கவைக்கும் பொருளாக மாறியது.

பெட்டிக்குள் தலைமுறை

1986இல் செய்த 'ரோபோ குடும்பம்' வரிசையில் தாத்தா, பாட்டி உருவங்கள் பழங்கால வானொலி, தொலைக்காட்சிகளின் மரக்கூடுகளால் ஆனவை. அந்தக் கூடுகளுக்குள் புதிய திரைகளில் வேகமான படங்கள் ஓடுகின்றன. உடல் முதியது, ஓடும் படம் இளையது. வீட்டில் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெட்டியின் வயதே இங்கு பொருள் தருகிறது.

எண்ணிக்கையின் எல்லை

1995இல் செய்த 'எலக்ட்ரானிக் சூப்பர்ஹைவே', 336 தொலைக்காட்சிகளும் நியான் விளக்குகளும் கொண்ட அமெரிக்க வரைபடம். கான்சஸ் மாநிலத்தில் 'விஸார்ட் ஆஃப் ஓஸ்' திரைப்படம் ஓடுகிறது, ஐடஹோவில் உருளைக்கிழங்கு தெரிகிறது. எடுத்தாண்ட படங்கள் இங்கு வரைபடத்தில் பெயர் எழுதும் வேலையையே செய்கின்றன. பெட்டிகள் வெறும் செங்கற்கள். விதிவிலக்கு தலைநகர் வாஷிங்டன்: அங்குள்ள கேமரா பார்வையாளரையே திரையில் காட்டுகிறது. அந்த ஒரு சிறிய திரையில் நாமும் நாட்டின் பகுதியாகிறோம்.

ஒரு சோதனை

தென்கொரியாவின் குவாச்சியோன் அருங்காட்சியகத்தில் 1988இல் பைக் எழுப்பிய கோபுரத்தில் 1,003 தொலைக்காட்சிகள் உள்ளன. படக்குழாய்கள் மூப்படைந்ததால் 2018இல் அது நிறுத்தப்பட்டது. 266 திரைகளைத் தட்டைத் திரைகளாக மாற்றி 2022இல் மீண்டும் இயக்கினர். கண்ணாடியின் குவிவு அந்தத் திரைகளில் இல்லை, ஒளியின் தன்மையும் வேறு. ஆயினும் கோபுரம் கோபுரமாகவே நிற்கிறது.

ரோபோ தாத்தாவின் உட்திரையையும் மாற்றலாம், பைக்கே பழைய கூட்டில் புதிய திரையைத்தான் வைத்தார். ஆனால் மரக்கூட்டை மாற்றினால் தாத்தா இல்லை. 'ஸென் ஃபார் டிவி'யிலோ பழுதைச் சரிசெய்தாலே படைப்பு போய்விடும்.

பழைய கணினி, கைபேசிகளைக் கொண்டு கலை செய்ய விரும்பும் மாணவர்கள் பைக்கிடம் கற்க வேண்டியது இதுவே. ஒவ்வொரு பொருளையும் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் புதியது ஒன்றை வைத்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால், அந்தப் பழைய பொருள் அங்கு வெறும் அலங்காரம்தான்.