கயிற்றில் கை விடும் நேரம்

கம்பத்திலும் கயிற்றிலும் ஏறி ஆசனங்கள் செய்யும் மல்லகம்பக் கலையில், மரக்கம்பத்தைவிட எனக்குப் பிடித்தது கயிறுதான். மேலிருந்து தொங்கும் சுமார் 5.5 மீட்டர் பருத்திக் கயிறு. நடுவில் ஒரு முடிச்சுகூடக் கிடையாது.

புதிதாக வரும் பிள்ளைகள் கையை நம்பி ஏறப் பார்ப்பார்கள். நாலு இழுப்பில் தோள் ஓய்ந்துவிடும். நல்ல பயிற்சியாளர் காலிலிருந்து தொடங்குகிறார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றை இடுக்கி, முழங்காலை மடக்கி, மறுபடி இடுக்கி, காலை நீட்டினால் உடம்பு மேலே போகும். விரலிடுக்குத் தோல் எரியும். அதற்கு மருந்து பழக்கம்தான்.

ஏறுவதைவிடச் சிரமம், ஏறிய இடத்தில் ஓர் ஆசனத்துக்கு மாறுவது. கயிற்றைத் தொடையில் சுற்றி, உடல் எடையாலேயே அதை இறுக்கிக்கொள்ள வேண்டும். சுற்று இறுகியது உடம்புக்குத் தெரிந்த பிறகே கையை விடலாம். அவசரக் குட்டிகள் முன்னாலேயே விடுவார்கள். அதனால்தான் இந்தப் பாடத்தை மெத்தைக்கு ஒரு முழ உயரத்திலேயே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். பார்க்க அலுப்பாக இருக்கும்; என் கணக்கில் கற்பித்தலின் உச்சம் அதுதான்.

மும்பை தாதரில் 1925-இல் தொடங்கிய சமர்த்த வியாயாம மந்திர் இக்கலைக்குப் பேர்போனது. நம் பக்கம் விழுப்புரம். அங்கே பிள்ளைகள் கயிறு ஏறுவதைப் பார்க்க வாய்த்தால், தலைகீழ் வித்தைக்குக் கைதட்டுவதற்கு முன் அவர்கள் கால்விரல்களைக் கொஞ்சம் கவனியுங்கள்.