ஊழியம் யாருடைய சொல்?

பாமாவின் 'கருக்கு' (1992) பற்றிப் பேசும்போதெல்லாம் தலித் தன்வரலாறு என்ற சட்டகத்துக்குள் அதை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கிறித்தவச் 'சேவை' என்கிற சொல்லாடலுக்குள்ளிருந்தே எழுந்த விமர்சனமாகவும் அதை வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்கலாம் என்று துறவற சபையில் சேர்கிறாள் ஒரு தலித் பெண். மடமோ வசதியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருக்கிறது. ஏழாண்டுகளில் வெளியேறுகிறாள். பிரதியில் கடவுள் மறுப்பு இல்லை. நீதிக்காக நின்ற இயேசுவை மடம் மறைத்துவிட்டது என்பதுதான் அவள் வைக்கும் குற்றச்சாட்டு.

இரண்டு காட்சிகளைச் சேர்த்து வாசிக்கலாம். தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டியிருக்கும் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்க்கும் சிறுமிக்குச் சிரிப்பு. அண்ணன் காரணம் சொன்னதும் சிரிப்பு நின்றுபோகிறது. பல வருஷம் கழித்து, மடத்துப் பள்ளியில் கூட்டுவதும் கழுவுவதும் கக்கூஸ் சுத்தம் செய்வதும் தன் சனங்களே என்று அவள் காண்கிறாள். தினசரி சேவை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதானே? ஆனால் இதற்குச் சேவை என்று பெயர் கிடையாது. மறுக்க முடிந்தவன் செய்தால்தான் சேவை. மறுக்க முடியாதவன் செய்தால் அது வேலை.

கத்தோலிக்கர் 'பணி' என்பதைச் சீர்திருத்தச் சபையார் 'ஊழியம்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. நாடார், பறையர், புலையர் முதுகில் அது ஏறியிருந்தது. மதம் மாறியவர்கள் கேட்டுப் பெற்ற சலுகைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு. அதே ஞாயிற்றுக்கிழமையில் பிரசங்கபீடத்திலிருந்து இன்று ஊழியத்துக்கு அழைப்பு வருகிறது! சொல்லைக் கைப்பற்றிவிட்டார்களா, சொல் அவர்களைக் கைப்பற்றியதா என்று லேசாகச் சொல்லிவிட முடியவில்லை.

இப்படியெல்லாம் கட்டுடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே என் அம்மா இருந்தாள். தெருவில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கிழவியை அம்மாதான் குளிப்பாட்டிவிடுவாள், பீத்துணி அலசிப்போடுவாள். "என்னம்மா, சேவையா?" என்று கேட்டேன் ஒருமுறை. கேலிதான். "சும்மா கெடல. அது நாறிப்போயிக் கெடக்கு" என்றாள். என் கோட்பாட்டில் இந்தப் பதிலுக்கு இடம் இல்லை. கள ஆய்வு, களப்பணி என்று கிராமத்துக்குப் போய்வந்த நம்மிடமும் இப்படியொரு பதில் இருந்ததாக நினைவில்லை. நமக்கு அறிக்கை இருந்தது.

அம்மாவைப் புனிதையாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. பெரிய வியாழனன்று சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை; ஆண்களுக்கு மட்டுமான சடங்கு அது. 2013இல் போப் பிரான்சிஸ் ரோமாபுரியின் சிறார் சிறையில் பெண்களின் பாதங்களையும் கழுவினார். 2016இல் சடங்கு விதியையே மாற்றினார். அதற்குள் அம்மா போய்விட்டாள். எங்கள் ஊர்க் கோயிலில் அதற்குப் பிறகும் சில வருஷம் பன்னிரண்டு பேரும் ஆண்கள்தான். முதல்நாள் சாயங்காலம் கோயில் தரையைக் கழுவிவிட்டவர்கள் அத்தனைபேரும் பொம்பளைகள்.