டில்லன் ஊரின் வீடுகள்

பதின்பருவத்தினரைப் பற்றிய அமெரிக்கத் தொடர்களில் பெற்றோருக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: குறுக்கே நிற்பது. அப்பா திட்டுவார், அம்மா சந்தேகப்படுவார். அவர்களுக்கென்று ஒரு மனம் இருப்பதே தெரியாது. 2006 முதல் 2011 வரை ஐந்து சீசன்கள் ஓடிய 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' இந்த வழக்கத்தை மாற்றியது. டெக்சாஸில் டில்லன் என்றொரு கற்பனை ஊர். அங்கே பள்ளி ஃபுட்பால் அணியின் பயிற்சியாளர் எரிக் டெய்லர், அவர் மனைவி டாமி, மகள் ஜூலி. மைதானத்தில் நடப்பதைவிட இவர்கள் வீட்டுச் சமையலறையில் நடப்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

அந்தச் சமையலறை நிஜமாகத் தோன்றுவதற்குப் படமாக்கிய விதமும் ஒரு காரணம். ஒத்திகை கிடையாது. நடிகர்கள் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்து வைப்பதும் கிடையாது. கையில் பிடித்த கேமராக்கள் மூன்று ஒரே நேரத்தில் சுற்றும். அதனால் ஒருவர் பேச்சை இன்னொருவர் இடைமறிக்கிறார், பாதி வாக்கியம் அப்படியே நின்றுபோகிறது. கணவனும் மனைவியும் சண்டை போட்டபடியே வீட்டு வேலையும் பார்க்கிறார்கள். வசனத்தைக் காட்டிலும் இந்தத் தடுமாற்றத்தில்தான் அவர்களின் பாசம் தெரிகிறது.

நான்காம் சீசனில் 'தி சன்' என்ற அத்தியாயம் இதன் உச்சம். மாட் சராசென் என்ற பையனின் அப்பா ராணுவத்தில் இருந்தவர், இராக்கில் இறந்துபோகிறார். மறதி நோய் முற்றிவரும் பாட்டியை இத்தனை காலம் பார்த்துக்கொண்டவன் இந்தப் பேரன்தான். டெய்லர் வீட்டில் அவனை இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார வைக்கிறார்கள். தட்டில் உணவு இருக்கிறது, அவனால் வாயில் வைக்க முடியவில்லை. அப்பா மீது தனக்கு வெறுப்புதான் என்று உடைந்து அழுகிறான். எல்லோரிடமும் நல்லவனாக நடந்துகொள்வதற்காகவே தன் வெறுப்பு முழுவதையும் அந்த ஒரு மனிதர் மீது கொட்டி வைத்திருந்ததாகச் சொல்கிறான். அந்த மனிதரே போய்விட்டார். இனி அந்த வெறுப்பை எங்கே வைப்பது? மேசையில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. எரிக் எழுந்து இருட்டில் அவனோடு வீடுவரை நடக்கிறார். அறிவுரை ஏதும் சொல்லாமல் கூட நடந்தாரே, அதில்தான் பெரியவரின் பொறுப்பைப் பார்த்தேன்.

இவ்வளவு தெரிந்த எழுத்தாளர்கள்தான் இரண்டாம் சீசனில் ஒரு கொலையைப் புகுத்தினார்கள். டைரா என்ற பெண்ணைத் தாக்க வந்தவனை லாண்ட்ரி என்ற பையன் அடித்துக் கொல்கிறான், இருவரும் பிணத்தை ஆற்றில் தள்ளுகிறார்கள். வீட்டுக் கதை மட்டும் பார்வையாளரைப் பிடித்து வைக்காது என்ற பயம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தப் பொய்யான கதையிலும் ஒரு நல்ல இடம் உண்டு: போலீஸ்காரரான லாண்ட்ரியின் அப்பா, மகனைக் காப்பாற்றத் தடயமான காரை எரித்துவிடுகிறார். நேர்மையான ஒரு தகப்பனை என்றென்றைக்கும் குலைத்துப்போட வேண்டிய காரியம் அது. ஆனால் அமெரிக்கத் திரை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 15 அத்தியாயங்களோடு நின்றது. அடுத்த சீசனில் கொலை நடந்த சுவடே இல்லை. சாண்டியாகோ என்ற பையன் ஒரு விளக்கமும் இல்லாமல் காணாமல் போனான். ஆறாத காயத்தைக் காட்டிவிட்டு அதை மறந்துவிடுவது, அதுவரை கூடவே வந்து வருந்திய பார்வையாளருக்குச் செய்யும் துரோகம்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. டெய்லர் குடும்பத்துக்குச் சின்னச் சின்னப் பிணக்குகளுக்கெல்லாம் நேரம் கிடைக்கிறது. மகள் காதலனோடு உறவுகொண்டது தெரிந்ததும் டாமி கண் கலங்கியபடி, குரலை உயர்த்தாமல் அவளிடம் பேசுகிறாள். அதைப்போல ஒரு தாயைத் தொலைக்காட்சியில் நான் அதிகம் கண்டதில்லை. கடைசி சீசனில், இத்தனை வருடம் கணவன் வேலைக்காகவே ஊர் ஊராக மாறியவள், தனக்கு வந்த வேலைக்காக இப்போது அவன் வரவேண்டும் என்று கேட்கிறாள். கறுப்பினப் பையன் வின்ஸ் வீட்டிலோ அம்மா போதையிலிருந்து மீள வேண்டும், அப்பா சிறையிலிருந்து வர வேண்டும்; நெருக்கடி மட்டும்தான் அவர்கள் கதை. இன்னொரு கறுப்பினப் பையன் ஸ்மாஷின் அம்மா கொரினாவை ஓரளவு விதிவிலக்கு எனலாம். நெருக்கடி இல்லாத நாளில் வின்ஸின் அம்மா ரெஜினா எதற்குக் கோபப்படுவாள், எதற்குச் சிரிப்பாள்? டாமியை இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்கள் அதையும் எழுதியிருக்க முடியும்.