பேண்ட் 3 என்ன சொல்கிறது?

உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்பவர் முதலாண்டில் எந்த ஆங்கில வகுப்பில் உட்கார வேண்டும் என்பதைப் பொதுவாக ஓர் எண்தான் முடிவு செய்கிறது: 1999இல் தொடங்கிய மூவெட் தேர்வின் பேண்ட். குறைவாக இருந்தால் ஆயத்த வகுப்பு, கூடுதலாக இருந்தால் நேராகக் கட்டுரையும் அறிக்கையும் எழுதப் பழக்கும் வகுப்பு. நிர்வாகத்துக்கு இது சுலபம்தான். ஆனால் அந்த எண் எழுத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறது?

என் தலைமுறை எழுதிய பழைய மூவெட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 300 புள்ளிகள்: வாசிப்பு 120, எழுத்து 90, கேட்டல் 45, பேச்சு 45. 140 முதல் 179 வரை எடுத்தால் பேண்ட் 3. இப்ப இரண்டு மாணவர்களைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவருக்கு வாசிப்பில் 85, எழுத்தில் 30. மற்றவருக்கு வாசிப்பில் 55, எழுத்தில் 60. கேட்டல், பேச்சு இரண்டிலும் இருவருக்கும் 25. கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் 165, இருவரும் பேண்ட் 3, இருவருக்கும் ஒரே வகுப்பு. எழுத்தில் ஒருவர் மற்றவரைப் போல இரு மடங்கு வாங்கியது எங்கே போனது? நான் பொறியியலாளன். வெப்பத்தையும் அழுத்தத்தையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும் மானியை எந்த ஆலையிலும் பொருத்த மாட்டோம்.

2021 முதல் நான்கு திறன்களுக்கும் தலா 90, மொத்தம் 360. வாசிப்புக்கு இருந்த கூடுதல் எடை போய்விட்டது. கூட்டல் போகவில்லை.

இது எல்லாரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. நிபோங் திபாலில் பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் அதே நிபோங் திபாலில்தான் இருக்கு. ஆனால் தோட்டத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேரும் வழி நீளமானது. யுபிஎஸ்ஆர் இருந்த காலத்தில், அதில் மலாய் போதவில்லை என்றால் படிவம் ஒன்றுக்கு முன் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு. 13 வயதில் ஒரு மதிப்பெண் அவனைப் பின்னால் உட்கார வைத்தது. 20 வயதில் இன்னொன்று. இரண்டு வாசலிலும் அவன் எழுதிய பக்கத்தை வைத்துக்கொண்டு யாரும் அவனோடு பேசவில்லை. அதற்குள் அவன் மூன்று மொழிகளில் எழுதிப் பழகியிருப்பான். அந்த விவரத்துக்கு எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.

வேறு வழி உண்டு. அமெரிக்காவில், மிச்சிகனின் கிராண்ட் வேலி அரசுப் பல்கலைக்கழகம் 1996இல் முடிவை மாணவர்களிடமே விட்டது. ஒவ்வொரு வகுப்பும் என்ன கேட்கும் என்று விளக்கிவிட்டு, எது பொருந்தும் என அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. டேனியல் ராயரும் ரோஜர் கில்ஸும் 1998இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள்.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஓர் ஆபத்து இருக்கு. "நமக்கு வராதுப்பா" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் தாங்களாகவே கீழ் வகுப்பில் போய் உட்காருவார்கள். தன்னம்பிக்கையும் சமமாகப் பங்கிடப்பட்ட பொருள் அல்ல. அதனால் வெறும் தேர்வுரிமை போதாது. முதல் வாரத்திலேயே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசட்டும். பேண்டும் மேசையில் இருக்கட்டும். கடைசி வார்த்தை மட்டும் மாணவருடையதாக இருக்கட்டும்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். ஒரு முழுப் பருவம் தவறான வகுப்பில் ஓர் ஆளை உட்கார வைப்பதற்கும் செலவு உண்டு. அதை இப்போது மாணவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.