குறி தவறாத ராக்கெட்டுக்கு என்ன விலை?

உக்ரைனின் கெர்சன் நகரை ஒட்டி, நீப்பர் ஆற்றின் மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் நின்றது அந்தோனிவ்ஸ்கி பாலம். 2022 ஜூலையில் வெளியான படங்களில் அதன் சாலைத் தளத்தில் வட்ட ஓட்டைகள் ஒன்றை ஒட்டி ஒன்றாகத் தெரிந்தன. ஓட்டை வழியே தளத்தின் இரும்புக் கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. தொலைவில் எங்கோ நின்ற ஹைமார்ஸ் என்னும் அமெரிக்க ஏவுவண்டிகளிலிருந்து வந்த ராக்கெட்டுகள் செய்த வேலை அது. ரஷ்யப் படை கனரக வண்டிகளுக்கு மிதவைகளை நம்ப வேண்டியதாயிற்று. நவம்பரில் வலக்கரையைவிட்டே வெளியேறியது.

ஆனால் அந்த ராக்கெட்டுகளால் பாலம் விழவில்லை. ஏறத்தாழ 90 கிலோ எடையுள்ள வெடிமுனை தளத்தைத் துளைக்கும், தூணைச் சாய்க்காது. வழிகாட்டப்பட்ட பீரங்கி ராக்கெட்டின் சாமர்த்தியம், எல்லை இரண்டையும் இந்தப் பாலம் காட்டிவிட்டது. முதலாவதைப் பேசுபவர்கள் நிறைய. இரண்டாவதைப் பேசுபவர்கள் குறைவு.

பீரங்கிக் குண்டோடு ஒப்பிட்டால் ராக்கெட் பிறவியிலேயே சற்றுத் தடுமாறும் சாதி. குழாயைவிட்டு மெதுவாகக் கிளம்புகிறது, எரிபொருள் எரியும்போதே காற்று அதன் மூக்கைத் திருப்பிவிடுகிறது. வழிகாட்டி இல்லாத ராக்கெட், பறந்த தூரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு விலகுவது வழக்கம். 40 கிலோமீட்டருக்கு அது பல நூறு மீட்டர். அந்தக் குறையை எண்ணிக்கையால் ஈடுகட்டினார்கள். அமெரிக்காவின் பழைய எம்-26 ராக்கெட் ஒவ்வொன்றிலும் 644 சிறுகுண்டுகள் இருந்தன. வெடிக்காமல் மண்ணில் கிடந்தவை, போர் முடிந்து ஊர் திரும்பியவர்களைக் கொன்றன. கொத்துக் குண்டுகளுக்கு எதிராக 2008இல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவானதற்கு இத்தகைய ஆயுதங்களே காரணம்.

அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கப் பிறகு வந்ததுதான் வழிகாட்டி: ராக்கெட்டின் முனையில் நான்கு சிறு துடுப்புகள், உள்ளே நகர்வை உணரும் கருவி, செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கும் கருவி. இவை சேர்ந்ததும் விலகல் சில மீட்டராகச் சுருங்கியது. முன்பு ஒரு பீரங்கி அணி மொத்தமும் கொட்டித் தீர்த்த இலக்குக்கு இப்போது ஒன்றிரண்டு ராக்கெட் போதும். வண்டி சுட்டுவிட்டு இடம் மாறிவிடலாம்; லாரிகளில் ஏற்றிச் செல்ல வேண்டிய சுமையும் குறைகிறது. இலக்கைச் சுற்றி வாழ்பவர்களுக்கும் பிழைக்க ஒரு வழி கிடைக்கிறது.

இந்தக் கடைசி வரியின் பொருள் ஈழத் தமிழர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், 2009 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரை புதுக்குடியிருப்பு மருத்துவமனை, பல்குழல் ராக்கெட்டாலும் பிற பீரங்கிகளாலும் நாள்தோறும் தாக்கப்பட்டது, குறைந்தது ஒன்பது முறை நேரடியாக அடிபட்டது என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. பரப்பைக் குறிவைக்கும் ஆயுதத்தை மக்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஏவுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேட வேண்டியதில்லை.

வழிகாட்டி இருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லிவிட முடியுமா? ஆப்கானிஸ்தானின் மர்ஜா பகுதியில் 2010 பிப்ரவரி 14 அன்று இரண்டு ஹைமார்ஸ் ராக்கெட்டுகள் ஒரு வீட்டைத் தாக்கின. பொதுமக்கள் 12 பேர் இறந்ததாக நேட்டோ படை அறிவித்தது. ராக்கெட் 300 மீட்டர் தவறிவிட்டது என்பது முதல் விளக்கம். பிறகு அதையே மாற்றிக்கொண்டார்கள்: ராக்கெட் குறிவைத்த வீட்டில்தான் விழுந்தது. கருவி தன் வேலையைப் பிசகாமல் செய்திருக்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது சுட்டவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. துல்லியத்தைப் புகழும் விளம்பரப் படங்களில் மர்ஜா வருவதில்லை.

அடுத்த பலவீனம் ஆகாயத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள் சமிக்ஞை பூமிக்கு வந்து சேரும்போது மிக மெலிந்துவிடும். தரையிலிருந்து இரைச்சலைக் கிளப்பி அதை அமுக்குவது பெரிய வித்தையல்ல. 2023 முதல் ரஷ்யா உக்ரைனில் அதைத்தான் பரவலாகச் செய்தது. எம்-26 ராக்கெட்டின் மோட்டாரில் விமானக் குண்டைப் பொருத்தி மலிவாக உருவாக்கிய ஜி.எல்.எஸ்.டி.பி. எடுபடாமல் போனதற்கு மின்னணு இடையூறும் ஒரு காரணம்.

இந்தியாவின் பினாகா ராக்கெட் விஷயத்தில் இந்தப் பலவீனம் வேறு வடிவம் எடுக்கிறது. புனேயில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் உருவாக்கிய 214 மி.மீ. ராக்கெட் அது. ஒரு வண்டி 12 ராக்கெட்டுகளை 44 விநாடிகளில் ஏவும். 1999 கார்கில் போரிலேயே களம் கண்டது. அதன் வழிகாட்டும் வடிவத்துக்கு இடங்காட்டும் உள்நாட்டு நாவிக் செயற்கைக்கோள்கள் துணை செய்கின்றன. அந்நிய நாட்டின் தயவை நம்பாத நல்ல முடிவு. ஆனால் நாவிக்கின் நிலை என்ன? இறக்குமதி செய்த அணுக் கடிகாரங்கள் அடுத்தடுத்துப் பழுதாயின. 2025 ஜனவரியில் ஏவிய அதன் என்.வி.எஸ்-02 செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதைக்குப் போகவே இல்லை. ராக்கெட்டுக்குள் இருக்கும் உணர்கருவி ஓரளவு தாங்கும் என்றாலும், தூரம் கூடக் கூட அதன் பிழையும் பெருகும். பினாகாவின் எட்டுதூரத்தைக் கொண்டாடுபவர்கள் நாவிக்கின் நலத்தையும் விசாரித்தால் தேவலை.

தொழிற்சாலைக் கணக்கு இன்னும் கடினம். ஹைமார்ஸ் வண்டி ஏவும் வழிகாட்டும் ராக்கெட்டான அமெரிக்காவின் ஜி.எம்.எல்.ஆர்.எஸ். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் கேம்டன் நகரில் உருவாகிறது. ஒன்றின் விலை ஏறத்தாழ 1.6 லட்சம் டாலர். உக்ரைன் போர் வந்ததும், ஆண்டுக்கு 14,000 என்ற இலக்கை நோக்கி உற்பத்தியை உயர்த்த வேண்டியிருந்தது. பணம் கொடுத்தால் மறுநாளே பெருகும் பொருள் அல்ல இது. திட எரிபொருளைக் கலந்து, வார்த்து, நாள்கணக்கில் இறுகவிட்டு, உள்ளே வெடிப்போ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்க வேண்டும். சின்ன விரிசலும் மோட்டாரை வெடிக்கச் செய்துவிடும். திட எரிபொருள் மோட்டார் செய்யும் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் 1990களில் ஆறு இருந்தன. பின்னர் இரண்டாகச் சுருங்கின. அமைதிக்காலச் சிக்கனத்துக்குப் போர்க்காலத்தில் கட்டிய வட்டி என்று இதைச் சொல்லலாம்.

இந்த வகையில் இந்தியா பரவாயில்லை. பினாகா ராக்கெட்டுகளுக்கு அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா, தனியார் துறையில் நாக்பூரின் எகனாமிக் எக்ஸ்புளோசிவ்ஸ் என இரண்டு உற்பத்தியாளர்கள் உண்டு. ஏவுவண்டிக்கு டாடாவும் எல் அண்ட் டி-யும். வழிகாட்டும் பினாகாவுக்கு 2024 நவம்பரில் முடிந்த சோதனைகளில் இரு உற்பத்தியாளர்களின் ராக்கெட்டுகளும், தலா 12 வீதம், ஏவிப் பார்க்கப்பட்டன. ஒரே கையில் சிக்கிக்கொள்ளாத இந்த ஏற்பாட்டைப் பாராட்ட வேண்டும். வேகத்தைப் பாராட்ட முடியவில்லை: வழிகாட்டும் பினாகா முதன்முதலில் சண்டிப்பூரில் பறந்தது 2017 ஜனவரியில். இடையில் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள்.

2025 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் 10,147 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் போட்டபோது வாங்கியதோ வழிகாட்டி இல்லாத ரகங்கள். அவற்றுள் ஒன்று சிறுகுண்டுகளைப் பரப்பும் ‘பரப்பு மறுப்பு’ வகை. கொத்துக் குண்டு ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால் சட்டத் தடை ஏதுமில்லை. திறந்த வெளியில் பரவி நிற்கும் படைக்கு விலையுயர்ந்த ஒற்றை ராக்கெட் கட்டுப்படியாகாது என்ற ராணுவத்தின் வாதமும் புரிகிறது. இருந்தும், வெடிக்காத சிறுகுண்டுகளை எல்லையோர வயல்களில் விட்டுவைக்கும் ரகத்துக்குத் தனியே பணம் ஒதுக்குவது ஏற்கக்கூடியதல்ல. பரப்பைத் தாக்கத்தான் வேண்டும் என்றால் அதே ஒப்பந்தத்தில் உள்ள சாதாரணத் துண்டுவெடிப்பு ரகம் போதும். சிறுகுண்டு ரகத்தின் பணத்தை வழிகாட்டும் ராக்கெட்டுகளின் கையிருப்புக்கும் நாவிக் செயற்கைக்கோள்களுக்கும் திருப்பிவிடுவதே சரியான செலவு.